சோத்துக்கை விரல்

பிப்ரவரி 18

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் அத்தானும் சௌக்கியம். இந்த வீட்டில் சௌக்கியமில்லாத ஒரே ஜீவன் என் லேப்டாப். அதற்குக் காரணம் நீ.

ஜனவரியில் வந்தாய், சாப்பிட்டாய், தூங்கினாய், அத்தானோடு சீட்டாடித் தோற்றாய். அத்தோடு ரயில் ஏறியிருக்கலாம். கிளம்புகிற அன்று, "அக்கா, அப்டேட் ஒண்ணு ரொம்ப நாளா நிக்குது, போட்டுட்டுப் போறேன்" என்று அதை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாய். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நீதான். அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். எந்த மெஷினைத் திறந்தாலும் அந்தப் பழைய ரேடியோ சோப்பு விளம்பரப் பாட்டை விசிலடிப்பாயே, மூன்றாவது வரியைத் தப்பாக அடித்து என்னிடம் திட்டு வாங்குவாயே, அன்றைக்கு அதுகூட இல்லை. வாயை மூடிக்கொண்டு வேலை பார்த்தாய். அதனால்தான் கெட்டுப்போனது.

இப்போது டச்பேடில் விரலை வைத்து இழுத்தால் அம்பு நகர மாட்டேன் என்கிறது. நான்கு தரம் தேய்த்தால் ஒரு தரம் வருகிறது. அதுவும் பிடிக்காத கல்யாணத்துக்கு வரும் பெரியப்பா மாதிரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. நான் மெய்ப்புப் பார்ப்பவள். பிழையில்தான் என் பிழைப்பு. பதிப்பகத்தார் குழாய் வேலைக் கையேடு ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள், தலையணைத் தடிமன். அதை நான் எப்படிப் புரட்டுவது?

எலி வாங்கிக்கொள் என்று சொல்லாதே. நான் சாய்வு நாற்காலிக்காரி. மடியில் எலி ஓடாது.

ஆகவே தண்டனை. டச்பேட் சரியாகும் வரை ஞாயிற்றுக்கிழமை போன் கிடையாது. சொல்ல வேண்டியதைக் கடிதத்தில் சொல். உடம்பைப் பார்த்துக்கொள். ராத்திரி ரொட்டியோடு நிறுத்திக்கொள்ளாதே.

கோபத்துடனும் அன்புடனும்,
அக்கா


பிப்ரவரி 28

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கம். நான் நலம். நீயும் அத்தானும் நலம் என்று படித்ததில் பாதி நிம்மதி. மீதிப் பாதியை நீயே பறித்துக்கொண்டாய்.

திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொள்ளாதே. மாற்றலாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து வாரம் முழுக்க, "மெஷின் ஓடல சார்", "பிரிண்டர் வரல சார்" என்பதைத் தவிர என்னிடம் யாரும் எதுவும் பேசுவதில்லை. இன்சூரன்ஸ் ஆபீஸில் எனக்குப் பெயரே ரீஸ்டார்ட். ஞாயிறு காலை பத்து மணிக்கு நீ கூப்பிட்டு என்னைத் திட்டுவதுதான் எனக்கு வாரத்தின் பேச்சு. போன ஞாயிறு போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு துணி மடித்தேன். அடிக்கவில்லை. மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தேன்.

சரி, வைத்தியத்துக்கு வருகிறேன். முதலில் ரீஸ்டார்ட் செய். சிரிக்காதே. பிறகு ஈரமில்லாத துணியால் துடை. அப்படியும் வராவிட்டால், டச்பேடில் கீழ் ஓரம் சோத்துக்கைப் பக்கமாக அழுத்தினால் ஒரு பட்டியல் விரியும், அதில் செட்டிங்ஸ் போய் அம்பின் வேகத்தைக் கூட்டு. கடைசி முயற்ச்சியாக, டிரைவரை நீக்கிவிடு. பயப்படாதே, நீ நீக்கினாலும் அவர் தானாகத் திரும்பி வந்துவிடுவார்.

அத்தானுக்கு என் வணக்கம். அடுத்த முறை சீட்டில் விட மாட்டேன்.

உன்,
தம்பி


மார்ச் 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா நலம், அத்தான் நலம், லேப்டாப் படுத்த படுக்கை.

முயற்சிக்கு ஒரு ச் போதும். இவ்வளவு முயல வேண்டாம்.

உன் கடிதத்தை அத்தான்தான் சத்தமாகப் படித்தார். 'டிரைவரை நீக்கிவிடு' என்ற இடம் வந்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அவரப் பத்தி இவன்கிட்ட யார் சொன்னது?" என்று அத்தானை முறைத்தேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு, "லேப்டாப்புக்குள்ள இருக்கிற டிரைவரும்மா" என்றார். இதை உனக்கு எழுதியிருக்கக் கூடாது. எழுதியாயிற்று. விடு. கேட்காதே.

அந்த டிரைவரை நீக்கினேன். நீ சொன்னபடியே வெட்கமில்லாமல் திரும்பி வந்துவிட்டார். அம்பு மட்டும் அப்படியே.

சோத்துக்கைப் பக்கம் அழுத்தச் சொன்னாய். அழுத்து அழுத்தென்று அழுத்தினேன். பட்டியலும் விரியவில்லை, பாயும் விரியவில்லை. கடைசியில் அத்தான் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறார். ஏண்டா, எனக்குச் சோத்துக்கை எது என்று உனக்கு மறந்துவிட்டதா? நான் இடது கையால் சாப்பிடுகிறவள். "சோத்துக்கையால வாங்கு" என்று அம்மா சொன்னால் இடது கையை நீட்டுவேன். "எந்தக் கையால சோறு திங்கிறேனோ அதானே சோத்துக்கை" என்று கேட்டு அடி வாங்கியவள். நம் வீட்டில் எனக்கு ஒரு சோத்துக்கை, உனக்கு ஒரு சோத்துக்கை. தூரதேசம் போனதும் ஊர்க்காரன் மாதிரி பேசுகிறாய்.

வலது பக்கம் அழுத்தி வேகத்தையும் கூட்டிவிட்டேன். பலனில்லை. போன் தடை நீடிக்கிறது.

அக்கா


மார்ச் 20

அன்புள்ள இடதுகை அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல். உன் கடிதத்தை ஆபீஸ் படிக்கட்டில் உட்கார்ந்து படித்துச் சிரித்தேன். கூட்டுகிற அம்மா நின்று, "நல்ல சேதியா சார்?" என்றார். "எங்க அக்கா திட்டியிருக்காங்க" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

சோத்துக்கை விஷயத்தில் முழுத் தப்பும் என்னுடையது. இனி இடது, வலது என்றே எழுதுவேன். யார் அந்த இன்னொரு டிரைவர் என்று கேட்காதே என்கிறாய். கேட்கவில்லை. ஆனால் நினைக்காமல் இருக்க முடியுமா? கார் வாங்கிவிட்டீர்களா?

இப்போது ஒரே ஒரு சோதனை. அத்தானை உட்கார வைத்து, அவர் விரலால் தேய்க்கச் சொல். அவருக்கும் நகரவில்லை என்றால் டச்பேடுக்கே உடம்பு சரியில்லை. நான் இங்கிருந்து ஒன்று வாங்கி அனுப்புகிறேன்.

இன்னொரு சந்தேகம். அப்டேட் போட்டது ஜனவரியில். புகார் வந்தது பிப்ரவரி பாதியில். நடுவில் அது எப்படி இருந்தது? டாக்டர் கேட்டால் நோயாளி சொல்ல வேண்டும்.

பதில் உடனே போடு. தபால்காரர் வரும் நேரம் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

தம்பி


ஏப்ரல் 8

அன்புள்ள தம்பிக்கு,

பதில் தாமதம். குழாய் வேலைக் கையேடு கழுத்தை நெரிக்கிறது. தவிர, செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் நான் வீட்டில் இருப்பதில்லை. எங்கே என்று கேட்காதே. நல்ல இடம்தான்.

கார் வாங்கவில்லை. உன் அத்தான் சைக்கிளுக்கே காற்றடிக்க மாட்டார்.

சோதனை நடத்தினோம். அத்தான் கண்ணாடிக் கடையிலிருந்து வந்து, கை கழுவி, என்னவோ பரீட்சை எழுதப் போகிறவர் மாதிரி உட்கார்ந்தார். விரலை வைத்தார். அம்பு வெண்ணெயில் போகிற கத்தி போலப் போகிறது. மாடி வீட்டம்மாவைக் கூப்பிட்டேன். அவருக்கும் போகிறது. நான் தொட்டால் மட்டும் நிற்கிறது. அத்தான் சொல்கிறார், "கட்டிக்கிட்டவனே பயப்படறப்ப அது பயப்படாதா?"

ஆக, லேப்டாப்புக்கு என்மேல் மட்டும்தான் கோபம். இதற்கு உன் படிப்பில் என்ன பெயர்?

நடுவில் எப்படி இருந்தது என்று கேட்டாய். ஜனவரி முழுக்க நன்றாகத்தான் இருந்தது. அதனால் உன் குற்றம் குறைந்துவிடாது.

ராத்திரி என்ன சாப்பிடுகிறாய் என்று இரண்டு கடிதமாக நீ எழுதவில்லை. எழுதாததையும் நான் படிப்பேன்.

அக்கா


ஏப்ரல் 10

மாப்பிள்ளைக்கு,

நலம். உங்கள் அக்காவுக்குத் தெரியாமல் கடையிலிருந்து எழுதுகிறேன். இரண்டே விஷயம். நம் தெரு மருந்துக் கடையில் பஞ்சு தீர்ந்துவிட்டது. நான் காதில் வைப்பதற்கே வாங்கித் தீர்த்துவிட்டேன். மாடி வீட்டம்மா வீட்டை மாற்றலாமா என்று யோசிக்கிறாராம். இதற்குமேல் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. சொன்னால் ராத்திரிச் சாப்பாடு இல்லை.

ஆனால் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை பத்து மணி ஆனால் அவளும் போனைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறாள். அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அத்தான்


ஏப்ரல் 24

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தில் கேலி இல்லை. பொறுமையாகப் படி.

மற்றவர்கள் தொட்டால் நகர்கிறது, நீ தொட்டால் நகரவில்லை என்றால் கோளாறு லேப்டாப்பில் இல்லை. உன் விரலில் இருக்கிறது. எங்கள் கணக்குப் பிரிவில் ஒரு அம்மாவுக்கு இப்படித்தான் தொடங்கியது. முதலில் பேனா நழுவியது, பிறகு விரல் மரத்தது, கடைசியில் நரம்பு என்றார்கள். உனக்கு விரல் நுனி மரத்துப் போகிறதா? சூடு தெரிகிறதா? சட்டைப் பொத்தான் போட முடிகிறதா? வலது கையால் தேய்த்துப் பார். அதற்கு நகர்ந்தால் நான் நினைப்பது சரி.

செவ்வாயும் வெள்ளியும் நீ போகிற 'நல்ல இடம்' ஆஸ்பத்திரியா? அத்தான் வேறு காதுக்குப் பஞ்சு என்று என்னவோ எழுதியிருக்கிறார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. டாக்டரிடம் உன்னைக் கூட்டிப்போகத்தான் ஒரு டிரைவரை வைத்திருக்கிறீர்களா? ஏன் போனில் பேச மாட்டேன் என்கிறாய்? குரலில் தெரிந்துவிடும் என்றா?

எனக்கு இருப்பது நீ ஒருத்தி. மறைக்காதே. லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். மே பத்தாம் தேதி வருகிறேன்.

தம்பி


ஏப்ரல் 29

தம்பி,

உன் கடிதம் வந்த அரை மணியில் இதை எழுதி, அத்தானைச் செருப்பைக்கூடச் சரியாகப் போட விடாமல் தபால் பெட்டிக்கு விரட்டுகிறேன். மறுபடியும் பஞ்சைப் பற்றி எழுதினால் நிஜமாகவே சாப்பாடு கிடையாது என்றும் சொல்லிவிட்டேன்.

எனக்கு ஒன்றுமில்லை. உன் தலைமேல் அடித்துச் சத்தியம் செய்கிறேன். சூடு தெரிகிறது, பொத்தான் போடுகிறேன், ஊசியில் நூல் கோக்கிறேன். ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவில்லை. உன் கடிதத்தைப் படித்து அழுதேன், அது வேறு. இவ்வளவு பயப்படுவாய் என்று தெரிந்திருந்தால் இந்த விளையாட்டையே தொடங்கியிருக்க மாட்டேன்.

நீ சொன்னபடி வலது கையால் தேய்த்தேன். நகர்கிறது. கெட்டிக்காரன்தான். என் இடது கை விரல் நுனிகள் காய்த்துப் போயிருக்கின்றன, அவ்வளவுதான். தோல் தடித்துவிட்டது. நான் சோத்துக்கை விரலால்தானே தேய்ப்பேன், அதனால் அந்தப் பலகைக்கு என் தொடுதல் உறைக்கவில்லை. உன் அப்டேட் நிரபராதி. இதை எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன்.

விரல் ஏன் காய்த்தது என்று மட்டும் கேட்காதே. லீவை வீணாக்காதே, இப்போது வந்தால் எல்லாம் கெட்டுவிடும். ஜூன் முதல் ஞாயிறு, காலை பத்து மணிக்குப் போன் பக்கத்தில் இரு. துணியெல்லாம் சனிக்கிழமையே மடித்து வைத்துவிடு.

அக்கா


மே 11

அன்புள்ள அக்காவுக்கு,

சத்தியத்தை நம்பி லீவை ரத்து செய்துவிட்டேன். நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் எழுந்ததும் வேறு கவலை.

கை காய்க்கிற அளவுக்கு என்ன வேலை செய்கிறாய்? பதிப்பகத்தில் வேலை போய்விட்டதா? குழாய் வேலைக் கையேட்டைப் படித்துப் படித்துக் குழாய் வேலைக்கே போய்விட்டாயா? மாடி வீட்டம்மா வீட்டை மாற்ற நினைப்பதும் அதனால்தானா? தண்ணீர் நின்றுவிட்டதா?

பார்சலில் ஒரு டப்பா களிம்பு அனுப்பியிருக்கிறேன். ராத்திரி தடவிக்கொள். தோல் மெத்தென்று ஆகிவிடும் என்று கடைக்காரர் சொன்னார்.

ராத்திரிச் சாப்பாடு பற்றி: ரொட்டிதான். சில நாள் அதுவும் இல்லை. ஒருவனுக்காக அடுப்பை மூட்டுவானேன் என்று விட்டுவிடுகிறேன். கேட்டாய், சொல்லிவிட்டேன்.

ஜூன் முதல் ஞாயிறு. இருக்கிறேன்.

தம்பி


ஜூன் 8

அக்கா,

நலமா என்று கேட்கப் போவதில்லை. காதால் கேட்டுவிட்டேன்.

பத்து மணிக்குப் போன் அடித்தது. "அக்கா" என்றேன். "அத்தான்?" என்றேன். யாரோ நாற்காலியை இழுத்தார்கள். பிறகு கம்பியை மீட்டுகிற சத்தம். ராங் நம்பர் என்று வைக்கப் போனேன்.

முதல் வரி தட்டுத் தடுமாறி வந்தது. இரண்டாவது வரி ஒரு இடத்தில் விழுந்து, எழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு நடந்தது. எங்கேயோ கேட்ட பாட்டாக இருக்கிறதே என்று நினைத்தேன். மூன்றாவது வரி வந்தது. அந்த இடத்தில் பாட்டு கீழே இறங்க வேண்டும். ரேடியோவில் இறங்கும், யார் பாடினாலும் இறங்கும். இது மேலே ஏறியது. அந்தச் சோப்புப் பாட்டில் அங்கே மேலே ஏறுகிறவன் உலகத்திலேயே நான் ஒருத்தன்தான். அப்போதுதான் வாசிப்பது யார் என்று தெரிந்தது.

நான் அழுதது உனக்குக் கேட்டிருக்கும். கேட்டால் என்ன. நீ கடைசி வரை வாசித்துவிட்டு, "சாப்பிட்டியாடா?" என்று மட்டும் கேட்டாய். போனைப் பிடித்தபடி தலையை மட்டும் ஆட்டினேன்.

இந்த ஊருக்கு வந்ததிலிருந்து எனக்கு விசில் வரவில்லை, அக்கா. அடக்கிக்கொள்ளவில்லை, வரவில்லை. நின்றுபோனதை நானே கவனிக்கவில்லை. நீ கவனித்து, கோபம் போல எழுதிவிட்டு, அதற்காகக் கை காய்க்கக் கிட்டார் கற்றுக்கொண்டிருக்கிறாய். எனக்காக இவ்வளவு முயற்ச்சி யாரும் எடுத்ததில்லை.

நேற்று மூன்றாவது மாடியில் ஒரு மெஷினைத் திறந்தேன். பாதியில்தான் தெரிந்தது, விசிலடித்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும்.

களிம்பைத் தடவாதே. தூக்கிப் போடு.

தம்பி


ஜூன் 17

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். அத்தான் காதிலிருந்து பஞ்சை எடுத்துவிட்டார். மாடி வீட்டம்மா போகவில்லை. அவரும் சேர்ந்து கற்றுக்கொள்ளலாமா என்று கேட்கிறார். அத்தான் பஞ்சைத் தூக்கிப் போடாமல் மேஜை மேலேயே வைத்திருக்கிறார்.

எனக்குக் கற்றுக்கொடுப்பவர் பகலில் பஸ் ஓட்டுகிறார். அவர்தான் உன்னைப் பாடாய்ப் படுத்திய அந்த டிரைவர். வலது கைக்காரர்களின் கிட்டார்தான் அவரிடம் இருந்தது. அதில் கம்பியை அழுத்துகிற வேலை இடது கைக்கு. என் சோத்துக்கைதான் மாட்டிக்கொண்டது. ஜனவரி கடைசியில் சேர்ந்தேன், மூன்று வாரத்தில் விரல் காய்த்தது. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். உன்மேல் பழி போட்டு வைத்திருந்தேன், அதை விட மனம் வரவில்லை. அதனால் போனையும் நிறுத்த முடிந்தது. எழுத்தில் நான் எதையும் மறைத்துவிடுவேன். குரலில் முடியாது. முதல் மூன்று ஞாயிறு எப்படியோ சமாளித்தேன். நீ "என்னக்கா விசேஷம்" என்று கேட்டிருந்தால் அடுத்த ஞாயிறே உளறியிருப்பேன்.

மூன்றாவது வரிக்கு டிரைவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. "இங்க இறங்கணும்மா, இது தப்பு" என்றார். "எங்க வீட்டுல இப்படித்தான்" என்றேன். "நீங்க பிழை திருத்துறவங்கன்னு சொன்னீங்களே" என்றார். "ஆமா. இத மட்டும் திருத்த மாட்டேன்" என்றேன். அவர் சிரித்துவிட்டு என்னோடு மேலேயே ஏறினார்.

டச்பேடில் இப்போது வலது விரலால் தேய்க்கிறேன். அம்பு ஓடுகிறது, கையேடு முடிந்தது. எனக்கு இப்போது இரண்டு சோத்துக்கை.

ரொட்டியை நிறுத்து. ஒருவன் என்றாலும் அடுப்பை மூட்டு. ஞாயிறு பத்து மணிக்கு என்ன சமைத்தாய் என்று கேட்பேன், குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவேன்.

முயற்சிக்கு மறுபடியும் இரண்டு ச் போட்டிருந்தாய். சிவப்புப் பேனாவை எடுத்தேன், மூடி வைத்துவிட்டேன். இருக்கட்டும்.

இன்னொரு அப்டேட் வந்து நிற்கிறது. நான் தொடவில்லை, அத்தானையும் தொட விடவில்லை. நீ வந்து போடு. விசிலடிக்காமல் போடக் கூடாது.

உன்,
அக்கா